முகாமுக்கு இல்லாத பாட்டு

தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குப் போகிற சாலையில் பாதி தூரம் கடந்ததும், வண்டி ரேடியோவில் நம்மூர் நிலையங்கள் கரகரத்து ஒதுங்கிக்கொள்ளும். இடது பக்கம் வடகடல். பாக் விரிகுடாவின் அந்த அமைதியான நீரைப் பெண்கடல் என்பார்கள். வலது பக்கம் மன்னார் வளைகுடாவின் ஆண்கடல், அலையடித்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு மணல் நாக்கு. போன ஆடியில் அந்த வழியாகப் போனபோது வண்டியோட்டிய பையன் சொன்னான்: "இனிமே நம்ம ஸ்டேஷன் எடுக்காதுண்ணே. அக்கரைக்காரன்தான் வருவான். மாத்தவா?"

"இருக்கட்டும்ப்பா."

சிங்களத்தில் ஏதோ ஒரு துள்ளல் பாட்டு. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் தாளம் எனக்குப் பழக்கமானது, சின்ன வயசிலிருந்தே பழக்கம். ஸ்டியரிங்கில் அவன் விரல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "இது 'சிக்னோரே' பாட்டு மாதிரி இருக்குல்லண்ணே" என்றான்.

அந்தப் பாட்டு வருகிற, மணிரத்னம் இயக்கிய 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் பாட்டுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று இருபது வருடங்களுக்கு மேலாக நினைத்து வந்திருக்கிறேன். ஒரு படத்துக்குள் இத்தனை விதமான இசையை இசையமைப்பாளர் ரகுமான் எதற்காகக் கொட்டியிருக்கிறார் என்று அன்று சிலர் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். எங்கள் கரையில் பிறந்தவனுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. ஏன் எழவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்பா பாம்பனில் டீக்கடை வைத்திருந்தார். கடையில் ஒரு பழைய வால்வு ரேடியோ. அதன் முள் நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. இலங்கை வானொலியில்தான் எப்போதும் நிற்கும். 1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை விரட்டியபோது, இந்தியா முழுக்கப் பாட்டுக்காக ஏங்கியவர்கள் ரேடியோ சிலோன் பக்கம் திரும்பினார்கள். 1957இல் விவித்பாரதி வந்தது. எங்கள் ஊருக்கு அது வந்தும் வராத மாதிரிதான். மதுரை தூரம், தலைமன்னார் பக்கம். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்ற அறிவிப்பாளர்களின் பெயர்கள் எங்களுக்கு உறவுக்காரர்களின் பெயர்கள். மெட்ராஸ் சினிமாவின் பாட்டைக் கொழும்பு வழியாகச் சுற்றித்தான் நாங்கள் கேட்டோம். கடல் தாண்டிப் போன பாட்டு கடல் தாண்டித் திரும்பி வந்தது.

வரும்போது அந்த ஊர்ச் சரக்கையும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வந்தது. அங்கே அதைப் 'பொப்' என்று எழுதுவார்கள். துள்ளிசை என்றும் சொன்னார்கள். கிதார், பொங்கோ, கைதட்டல், கிண்டலான தமிழ். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' வந்தால் கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றுவிடும். ஏ.இ. மனோகரன் என்கிற சிலோன் மனோகரின் 'சுராங்கனி'யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிங்களமும் தமிழும் கைகோத்து ஆடுகிற பாட்டு அது. ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டு வந்திருக்கிற சேதிதான் அதன் விஷயமே. மீன்பாடு முடிந்து விடிகாலையில் கடைக்கு வருகிறவர்களுக்கு அதைவிட நெருக்கமான பாட்டு எது இருந்திருக்கும்? அப்பாவுக்குப் பாகவதரும் டி.ஆர். மகாலிங்கமும்தான் உசத்தி. அவரே 'சுராங்கனி'க்கு டீ ஆற்றுகிற கையின் வேகத்தை மாற்றுவார்.

இந்தத் துள்ளலின் பூர்வீகம் பைலா. ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1505இல் இலங்கைக் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர்களும், அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வந்து இறக்கிய காப்பிரிகளும் விட்டுச்சென்ற ஆட்டம், பிறகு சிங்களக் கடற்கரையின் கல்யாண வீடுகளில் குடியேறி, இருபதாம் நூற்றாண்டில் வாலி பஸ்டியன்ஸ் போன்றவர்களின் கையில் மேடைப்பாட்டானது. ஆறெட்டில் நடக்கும் தாளம், ஒரு காலைச் சற்றே இழுத்து வைக்கிற நடை. மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் காவல் வைத்திருந்தார்கள். அவர்கள் இந்தக் கரையிலும் பாடியிருப்பார்கள். அது எங்களிடம் தங்கவில்லை, அக்கரையில் தங்கியது. நானூறு ஆண்டு கழித்து ரேடியோ வழியாக வந்து சேர்ந்தது.

2002 ஜனவரியோ பிப்ரவரியோ, ராமநாதபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஒலிநாடாவை வாங்கினேன். அப்போது ரகுமான் நமக்குப் புதியவரில்லை. 'ரோஜா' வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அந்த ஆண்டின் நடுவில் லண்டனில் அவருடைய 'பாம்பே ட்ரீம்ஸ்' இசைநாடகம் மேடையேறவிருந்தது. இந்த மனிதர் எங்கிருந்து வந்தவர் என்பதை மறந்துவிட்டு இந்தத் தொகுப்பைப் பேச முடியாது. மலையாளப் படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே. சேகரின் மகன். ஒன்பது வயதில் தந்தையை இழந்து, அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்ட வீட்டில் வளர்ந்தவர். பதின்வயதில் சினிமா இசைக்குழுக்களில் கீபோர்டு. மறுபக்கம் சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு 'ரூட்ஸ்' என்ற குழு, பிறகு 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழு. நூற்றுக்கணக்கான விளம்பர மெட்டுகள். 1989இல் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடம். கச்சேரி மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள் நமக்கு உண்டு, நாடகத்திலிருந்து வந்தவர்கள் உண்டு, கிராமத்து மேடையிலிருந்து வந்தவர் உண்டு. பாப், ராக் குழுக்களின் கூட்டு வாசிப்பிலிருந்து நேராக வந்து தமிழ் சினிமாவின் காதையே மாற்றியவர் இவர்தான்.

அந்தக் குழு வாசிப்பின் பிள்ளைகள்தான் 'திருடா திருடா', 'காதலன்' படப் பாட்டுகள். ஃபங்க் என்கிற இசையில் மெட்டைவிட நடை முக்கியம். தாளத்தின் முதல் அடியை ஆணி அடித்த மாதிரி நிறுத்திவிட்டு, மற்ற அடிகளில் பேஸ் கிதாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டிருக்கும். பறையடிக்கிறவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. கீத் பீட்டர்ஸின் பேஸ் ஓடுகிற அந்தக் காலத்து ரகுமான் பாட்டுகளில் இந்தச் சீண்டல் நிறைய இருந்தது. ஆனால் அந்தத் தொகுப்புகளில் ஒரு பாணியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது ஜவுளிக்கடையில் துணி விரிக்கிற மாதிரிதான் எனக்குப் படும். இதைப் பாருங்கள், இதையும் பாருங்கள் என்ற உற்சாகம். அழகாகத்தான் இருக்கும். தாவலுக்குக் காரணம் இருக்காது.

ஒரே தொகுப்பில் பாணிக்குப் பாணி தாவுவதற்கு அமெரிக்காவில் ஒரு இணை உண்டு. மினியாபொலிஸ்காரரான பாடகர் பிரின்ஸ் 1986இல் 'அண்டர் தி செர்ரி மூன்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைத் தானே இயக்கி நடித்தார். பிரான்சின் கடற்கரை நகரத்தில் நடக்கிற கதை. படம் படுதோல்வி. ஆனால் அதற்காக அவர் செய்த 'பரேட்' தொகுப்பை இன்றும் கேட்கிறார்கள். ஃபங்க் இருக்கிறது, மதுக்கூட மேடைப்பாட்டின் சாயல் இருக்கிறது, கிளேர் ஃபிஷர் எழுதிய வாத்தியக்குழு இசை இருக்கிறது, கடைசியில் ஒரு சாவுக்காகப் பாடுகிற, ஆரவாரமே இல்லாத பாட்டு இருக்கிறது. அதிலிருந்து பெரிய வெற்றி பெற்ற 'கிஸ்' பாட்டில் பேஸ் கிதாரே கிடையாது. ஃபங்க் பாட்டிலிருந்து பேஸை எடுப்பது வீட்டிலிருந்து நடுத்தூணை எடுக்கிற மாதிரி. எடுத்தும் வீடு நின்றது. படம் தோற்றுப் பாட்டு நிற்பது ரகுமானுக்கும் பின்னால் நேர்ந்தது. 2013இல் வந்த மணிரத்னத்தின் 'கடல்' ஓடவில்லை. கறுப்பின தேவாலயப் பாட்டின் உருக்கத்தைத் தமிழ்க் காதலுக்குக் கொண்டு வந்து, சித் ஸ்ரீராம் என்ற புதுக்குரலில் அவர் தந்த 'அடியே' ஓடிக்கொண்டே இருக்கிறது. படம் மூழ்கிப் பாட்டு மிதப்பது ஒரு வகை. 'கன்னத்தில் முத்தமிட்டால்' அந்த வகையில் சேராது. அங்கே பாட்டும் படமும் ஒரே படகில் இருக்கின்றன. அதனாலேயே பாட்டைத் தனியாகப் பிரித்துப் பார்க்க நாம் மறந்துவிட்டோம்.

படத்தின் கதை தெரிந்ததுதான். மாங்குளத்துப் பெண் சியாமா போருக்குத் தப்பிப் படகேறி ராமேஸ்வரம் வருகிறாள். முகாமில் குழந்தை பெறுகிறாள், குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாள். சென்னையில் ஓர் எழுத்தாளன் வீட்டில் வளர்கிற அந்தக் குழந்தை அமுதா, ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மை தெரிந்து, பெற்றவளைத் தேடிப் புறப்படுகிறாள். பாரதியின் பாட்டிலிருந்து எடுத்த தலைப்பு. வசனம் சுஜாதா, பாட்டுகள் வைரமுத்து. ஆறு தேசிய விருதுகள் வந்தன. இசைக்கும் பாடல்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது இசைநாடாவை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். சமாதானம் கேட்கிற 'வெள்ளைப் பூக்கள்' பாட்டில் ரகுமானே பாடுகிறார். அவர் குரலில் பயிற்சி பெற்ற பாடகரின் உறுதி கிடையாது, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடுவோமோ என்று தயங்குகிறவரின் குரல். 'சட்டென நனைந்தது' மின்மினிக்கு. 'ரோஜா'வில் சின்னச் சின்ன ஆசைகளைப் பாடி நாடு முழுவதும் தெரிந்தவர், அதற்கடுத்து லண்டனில் ஒரு மேடையில் குரலை இழந்தார். பல வருடம் பாட முடியாமல் இருந்து மீண்டவர். அந்தப் பாட்டில் அவர் குரலின் ஓரத்தில் ஒரு மெல்லிய நடுக்கம் எனக்குக் கேட்கிறது. தலைப்புப் பாட்டைச் சின்மயி என்ற அறிமுகப் பெண் ஒரு வடிவத்தில் பாடுகிறார். பி. ஜெயச்சந்திரனின் முதிர்ந்த குரல் இன்னொரு வடிவத்தில் வருகிறது. 'சுந்தரி' குறும்புக்காரச் சிறுமியைப் பற்றியது. கேட்கச் சுகம், அதைத் தாண்டி என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

'சிக்னோரே'யில்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரஃபீக், நோயல் ஜேம்ஸ், அனுபமா, சுவர்ணலதா, தேவன் என்று ஒரு கும்பலே பாடுகிறது. அக்கரைக்குப் போகிற குடும்பத்துக்கு முன்னால் விரிகிற பாட்டு. அதில் பைலாவின் சாயல் இருக்கிறது. ரகுமான் ஆராய்ச்சி செய்து எடுத்தாரா, சென்னையில் இருந்துகொண்டே காதில் விழுந்ததை எடுத்தாரா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. ராமநாதபுரம் பஸ்ஸில் வாக்மேனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அப்பாவின் கடை ரேடியோ திரும்பக் கேட்டது. போர் தொடங்கியதிலிருந்து அக்கரை என்றால் எங்களுக்குச் சுடுகிற சத்தம்தான், கரைக்கு வராத வத்தைப் படகுதான், கறுப்புத் துணிதான். அந்தத் தீவில் ஆடவும் செய்வார்கள் என்பதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம். போருக்குள் போகிற கதையின் வாசலில் ஓர் ஆட்டத்தை நிறுத்தியது துணிச்சல். எதை அழித்தார்கள் என்று தெரிந்தால்தானே அழிவு புரியும்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்தத் தொகுப்பைப் பாராட்டி எழுதப்பட்டவற்றில் ரகுமானின் 'உலக இசை' ஞானத்தை மெச்சாதவர்கள் குறைவு. ஆனால் இந்தத் துள்ளலைத் தமிழுக்கு முன்பே கொண்டு வந்து, ரேடியோவில் எங்களைப் பழக்கிய நித்தி கனகரத்தினத்தையும் மனோகரையும் அந்த இடத்தில் நினைத்தவர்கள் என் கண்ணில் பட்டதில்லை. யாழ்ப்பாணத்துப் பையன்கள் கிதார் பிடித்துச் செய்த புரட்சியை நாம் கேளிக்கை என்று ஒதுக்கிவிட்டோம். மனோகர் தமிழ் சினிமாவில் சின்னச் சின்ன வேடங்கள் போட்டார். 2018இல் சென்னையில் காலமானார். 'சிக்னோரே' கேட்கிறவர்கள் அதற்கடுத்து ஒரு தடவை 'சுராங்கனி' கேளுங்கள். இரண்டும் ஒரே கடலில் குளித்தவை என்பது தெரியும்.

அடுத்து 'விடைகொடு எங்கள் நாடே'. ஊர் காலியாகிறது, சனம் மூட்டை முடிச்சோடு நடக்கிறது. இந்தப் பாட்டுக்கு ரகுமான் அழைத்தது எம்.எஸ். விஸ்வநாதனை. அப்போது அவருக்கு 73 வயது. மேலே போனால் உடைகிற குரல், மூச்சு வாங்குகிற குரல். துணைக்கு பல்ராம், ஃபெபி, ரெஹானா, மாணிக்க விநாயகம். தொழில்நுட்பத்தில் நாட்டிலேயே முன்னால் நின்ற ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில், எதையும் திருத்தி மினுக்கிவிட முடிகிற காலத்தில், ஒரு கிழவரின் மூச்சை மினுக்காமல் விட்டார்கள். இந்தத் தொகுப்பின் மிகப் பெரிய சாகசம் எது என்று என்னைக் கேட்டால், பைலாவையும் சொல்ல மாட்டேன், வேறெதையும் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

இதில் இன்னொரு சரடும் ஓடுகிறது. விஸ்வநாதன் தன் காலத்துச் சாகசக்காரர். ராமமூர்த்தியோடு சேர்ந்து 1964இல் 'புதிய பறவை'க்குச் செய்ததை இன்று கேட்டாலும் தெரியும். லத்தீன் தாளம், பொங்கோ, அக்கார்டியன், பெரிய வயலின் படை என்று தமிழ்ப் பாட்டுக்குள் உலகத்தைக் கூட்டி வந்தவர். நாங்கள் அதையெல்லாம் இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த மனிதரின் பாட்டுகளைத்தான் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த வானொலி அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்ததோ, அந்த வானொலி ஒலித்த நாட்டைவிட்டு அந்த வீட்டுச் சனம் புறப்படுகிறபோது அவரே வழியனுப்பப் பாடுகிறார். இதை நினைத்துத்தான் அழைத்தார்களா, எனக்குத் தெரியாது. கேட்கிறவனுக்கு அது கேட்கிறது.

1990இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் அக்கரையிலிருந்து படகு படகாக வந்தார்கள். மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்களை நம்மூர் வத்தைகள் போய் ஏற்றி வரும். விசாரணைக்கும் பதிவுக்கும் காத்திருக்கிற நேரத்தில் சிலர் எங்கள் கடைக்கு வருவார்கள். அப்பா காசு வாங்க மாட்டார். ஒரு நாள் சாயங்காலம் பேசாலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். சட்டையில் உப்புப் பூத்திருந்தது. டீயை வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல், அப்பாவைக் கேட்டார்:

"ஐயா, உங்கட றேடியோவில இலங்கை வானொலி எடுக்குமோ?"

"அது மட்டுந்தான்யா எடுக்கும்" என்று அப்பா ரேடியோவைப் போட்டார்.

பழைய பாட்டு ஏதோ ஓடியது. அவர் இருட்டும்வரை உட்கார்ந்து கேட்டார். எந்த நாட்டில் இருக்க முடியாமல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாரோ, அந்த நாட்டின் வானொலியை. கூப்பிட ஆள் வந்ததும் எழுந்து, "வாறன் ஐயா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மண்டபம் வண்டியில் ஏறினார். பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து விஸ்வநாதன் குரல் அந்தப் பாட்டில் எழுந்தபோது எனக்கு வந்த முகம் சியாமாவின் முகமில்லை, திரையில் நடக்கிற எவருடையதும் இல்லை. ஆறிப்போன டீக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த முகம்தான்.

இப்படி வாழ்ந்த கரைக்கு ஒரே மாதிரி இசை எப்படிப் போதும்? தாலாட்டு ஒரு பக்கம், பைலா ஒரு பக்கம், காதல் பாட்டு, ஒப்பாரி, கைக்குழந்தைக்கு ஒன்று, கிழவருக்கு ஒன்று என்று அந்தத் தொகுப்பு பாட்டுக்குப் பாட்டு ஆடையை மாற்றிக்கொண்டே போவதைச் சிலர் ஒருமை இல்லை என்றார்கள். எங்கள் ரேடியோவிலும் ஒருமை இருந்ததில்லை. கரைவலை இழுக்கிற அம்பாப் பாட்டு முடிகிற இடத்தில் 'சுராங்கனி' தொடங்கும், அது முடியுமுன் கோயில் நாதஸ்வரம் காற்றில் வரும், பிறகு செய்தி வாசிப்பார்கள், அதில் சாவு எண்ணிக்கை இருக்கும். 'காதலன்' காலத்தில் அலங்காரமாக இருந்த தாவல் இங்கே கதையின் நடையாகிவிட்டது. ஒவ்வொரு பாணி மாற்றத்திலும் யாரோ ஒருவர் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போகிறார். பாப் குழுவில் கற்ற கைத்திறன் இத்தனை வருடம் எதற்காகக் காத்திருந்தது என்பது இந்தப் படத்தில்தான் தெரிந்தது.

படம் 2002 பிப்ரவரி 14 அன்று வெளியானது. எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 22 அன்று, நோர்வேயின் முயற்சியில் இலங்கை அரசும் விடுதலைப்புலிகளும் போர்நிறுத்த ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சடைக்கிறது. தியேட்டரில் 'வெள்ளைப் பூக்கள்' ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியே வந்தால் டீக்கடைப் பத்திரிகையில் சமாதானச் செய்தி. பாட்டு பலித்துவிட்டது என்றே எங்கள் ஊரில் பேசிக்கொண்டார்கள். "இனி கப்பல் விடுவானாம்டா" என்று அப்பா சொன்னார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலும் 1980களில் நின்றுபோயிருந்தது. அவர் அந்தக் கப்பலை மறுபடி பார்க்கவில்லை. 2008 ஜனவரியில் இலங்கை அரசு ஒப்பந்தத்திலிருந்து விலகியது. 2009 மே மாதம் என்ன நடந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அன்று அரிச்சல்முனையிலிருந்து திரும்புகிற வழியில் மண்டபத்தில் இறங்கிக்கொண்டேன். இந்த முகாமுக்குப் போருக்கு முந்தைய வரலாறும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன தமிழர்களை நோய்த்தடுப்பு என்ற பெயரில் அடைத்து வைத்துக் கப்பலேற்ற இலங்கை அரசு நடத்திய முகாம் இது. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபின், அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டு இதே மண்டபத்தில் வந்து இறங்கினார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகள். 2022இல் அக்கரையில் சோற்றுக்கும் எண்ணெய்க்கும் வழியில்லாமல் போனபோதும் சனம் படகேறி மணல்திட்டில் இறங்கியது, அவர்களையும் இங்கேதான் கொண்டு வந்தார்கள். 2021இல் தமிழக அரசு இந்த இடங்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நான் போன அன்று வாசலுக்குப் பக்கத்து மரத்தடியில் நாலைந்து பையன்கள் கைபேசியில் பாட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மூர்ப் பேச்சே பேசுகிற பிள்ளைகள்.

அங்கே நின்றபோதுதான் அது உறைத்தது. இந்தத் தொகுப்பில் ஊரைவிட்டுப் புறப்படுகிறவர்களுக்குப் பாட்டு இருக்கிறது. கடல் தாண்டித் தேடிப் போகிறவர்களுக்குப் பாட்டு இருக்கிறது. பெற்றவளுக்கும் வளர்த்தவளுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைக்கு இருக்கிறது. சமாதானத்துக்கு இருக்கிறது. வந்து சேர்ந்துவிட்டு, ஒரே அறையில் நாற்பது வருடம் காத்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பாட்டு இல்லை. அமுதா பிறந்த இடமே அந்த முகாம்தான். கதை தொடங்குவதும் அங்கிருந்துதான். இசை அங்கே தங்கவில்லை. இதை ரகுமானின் குறையாக நான் சொல்லவில்லை. புறப்பாட்டுக்கு மெட்டுப் போடலாம், வருகைக்கும் போடலாம். காத்திருப்புக்கு எந்த நடை, எந்தத் தாளம்? பேஸை எடுத்துவிட்டு வீட்டை நிற்க வைத்த மாதிரி யாராவது செய்தால்தான் உண்டு. அதைச் செய்யப்போகிறவர் சென்னை ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து வர வேண்டும் என்பதில்லை. அந்த மரத்தடியிலேயே இருக்கலாம்.

அந்தக் காத்திருப்பு குடியுரிமைக்கானதும்தான். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் விதி இன்னும் இறுகியது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்ப் போராடி, 2024 மக்களவைத் தேர்தலில் முதல்முறையாக வாக்களித்தார். அமுதாவுக்குப் படத்தில் ஒன்பது வயது, ஆகவே அவள் 1990களில் பிறந்தவள். தாயும் தகப்பனும் மாங்குளத்துக்காரர்கள். எழுத்தாளன் ஒருவன் தத்தெடுக்க வராத அமுதாக்கள் அந்த முகாமில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது முப்பது வயதாகிறது. இங்கேயே பிறந்தும் அவர்கள் இந்தியக் குடிமக்கள் இல்லை.